அடியும் அடிவைப்பும்



குத்துச் சண்டையைப் பற்றிப் பேசுவதற்கு வன்னியிலுள்ள ஒரு பாடசாலை அதிபருக்கு என்ன உரிமை உண்டு என்று உங்களுட் சிலர் வினவுதல் கூடும். வினா நியாயமானதே. நான் ஒருநாளேனும் கையுறை அணிந்தவனல்லன். தமிழும் வரலாறும் படித்த கலைப்பட்டதாரி. அவற்றையே பல ஆண்டுகள் படிப்பித்து, ஈற்றில் அதிபர் கதிரையில் அமர்ந்தவன். ஆயினும் சென்ற தவணையில் என் மேசைமீது வந்து கிடந்த ஒரு விண்ணப்பத்தாள் இப்பொருளைப் பற்றிச் சிந்திக்குமாறு என்னைக் கட்டாயப்படுத்திவிட்டது.

கனகராயன்குளம், கண்டி – யாழ்ப்பாண வீதியிலே புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அமைந்த ஊர். வயலும் குளமும் காடும் சூழ்ந்தது. இங்கே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவன் ஒருவன். தொண்ணூறு கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையவன். நெல் மூடையைத் தோளிற் சுமந்துகொண்டு வழுக்கும் வரம்பிலே தடுமாறாது நடப்பவன். வவுனியா நகருக்குச் சென்று குத்துச் சண்டை பயில வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குரிய தாளிலே பெற்றாரும் அதிபரும் ஒப்பமிடல் வேண்டும். அவன் அத்தாளைக் கொண்டுவருவதற்கு முதல்நாளே அவனுடைய தாயார் என்னிடம் வந்துவிட்டார். "சேர், நீங்கள் ஒப்பம் வையாதேங்கோ. நீங்கள் வைக்காவிட்டால் நானும் மாட்டன் எண்டு சொல்லத் தேவையில்லை" என்றார். பாடசாலை அதிபர் பதவிக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

மறுநாள் பையன் வந்தான். "தம்பி, இந்த விளையாட்டில் உமக்கு என்ன பயிற்சி உண்டு?" என்று கேட்டேன். "பயிற்சி பழகலாம் சேர். என்னட்டை அடி இருக்கு. ஒரு அடி காணும்" என்றான். எதைப் பார்த்து இவ்வாறு துணிந்தான் என்று விசாரித்தபோது, தன் கைத்தொலைபேசியை எடுத்துக் காட்டினான். அதிலே மைக் டைசன் இருந்தார். டியொன்டே வைல்டர் இருந்தார். ஜோர்ஜ் ஃபோர்மன் இருந்தார். ஒவ்வொரு காட்சியும் பத்து விநாடி, பதினைந்து விநாடி. ஓர் அடி விழுகிறது. ஒரு பெரிய மனிதர் மரம்போற் சாய்கிறார். அடுத்த காட்சி தொடங்குகிறது. அவன் பார்த்தவை சண்டைகளல்ல, சண்டைகளின் முடிவுகள் மாத்திரமே என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. முடிவுக்கு முன்னே நடந்தது என்ன என்பதை அறியாமல் ஒப்பமிடவும் கூடாது, மறுக்கவும் கூடாது என்று எண்ணி, ஒரு மாத காலம் இரவு வேளைகளில் முழுச் சண்டைகளையும் பார்த்தேன். கிடைத்த வரலாறுகளையும் படித்தேன். அதன் பயனே இப்பேச்சு.

முதலில் இந்த விளையாட்டுக்கு உரிய ஒரு விந்தையைக் கூறுதல் வேண்டும். தொழில்முறைக் குத்துச் சண்டையிலே ஒவ்வொரு சுற்றிலும் மேம்பட்டு நின்றவருக்குப் பத்துப் புள்ளியும் மற்றவருக்குப் பெரும்பாலும் ஒன்பதும் இடப்படும். பட்டப் போட்டியிற் பன்னிரண்டு சுற்றுகள் உள. முன்னர் பதினைந்து சுற்றுகள் இருந்தன. 1982ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரிலே கிம் டுக்-கூ என்ற கொரிய வீரர் அடிபட்டு, சில நாள்களில் உயிர் நீத்த பின்னரே அவற்றைக் குறைக்கத் தொடங்கினர். நிற்க. பதினொரு சுற்றிலும் ஒருவர் வென்று, பன்னிரண்டாம் சுற்றிலே ஓரடி பட்டு வீழ்ந்து, பத்து எண்ணுமுன் எழாவிட்டால், அவர் தேடிய புள்ளி யாவும் வெறும் எண்களாய்ப் போகும். இதுவே நொக்-அவுட் எனப்படுவது. கிரிக்கெட்டிலே கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் எடுக்கலாம். அறுபது ஓட்டம் எடுக்க இயலாது. உதைபந்தாட்டத்திலே கடைசி நிமிடத்துக் கோலும் ஒரு கோலே. குத்துச் சண்டையிலோ கடைசி அடி முந்திய அனைத்தையும் அழித்துவிடும். வலிமை பெரிதா, நுட்பம் பெரிதா என்ற வழக்கு ஓயாமல் நடப்பதற்கு இவ்விதியே காரணம்.

ஹெவிவெயிட் எனப்படும் பெருநிறைப் பிரிவிலே இவ்வழக்கு இன்னும் கடுமையாகின்றது. ஏனைய பிரிவுகளில் இருவரும் ஏறத்தாழச் சமநிறையினர். பெருநிறைப் பிரிவிலோ 200 இறாத்தலுக்கு மேற்பட்ட எவரும் இறங்கலாம். மேல் எல்லை என்பது கிடையாது. ஐம்பது இறாத்தல் கூடியவரோடும் மோத நேரிடும்.

எங்கள் நாட்டுக்குப் பெருநிறைப் பிரிவிற் சொல்லத்தக்க பெயர் இல்லை. ஆனாற் குத்துச் சண்டையே தெரியாத நாடன்று இது. பாடசாலைகளுக்கிடையிலான ஸ்டப்ஸ் கேடயப் போட்டி 1914இல் ஆரம்பித்தது. 1938இல் சிட்னி நகரிலே நடைபெற்ற பேரரசு விளையாட்டு விழாவில் பார்னி ஹென்றிகஸ் என்பவர் இறகு நிறைப் பிரிவிலே இலங்கைக்குத் தங்கம் கொணர்ந்தார். வன்னியைச் சொல்வதானால், கையோடு காலும் பயன்படுத்தும் சவாட் என்னும் பிரெஞ்சுக் குத்துச் சண்டையிலே, முல்லைத்தீவு மாவட்டத்துக் கரிப்பட்டமுறிப்பைச் சேர்ந்த கணேஷ் இந்துகாதேவி 2022இல் பாகிஸ்தானிலே தங்கப்பதக்கம் பெற்றார். ஐம்பத்தைந்து கிலோவைத் தாண்டாத பெண்பிள்ளை. எங்கள் பையனுக்கு அவரைத் தெரியும். ஆனால் அவர் சண்டையையும் அவன் முழுதாகப் பார்த்ததில்லை!

இனி, அடி என்பது என்ன? பையன் நினைப்பதுபோல அது புயத்திலே பிறப்பதன்று. நிலத்தை உந்தும் பாதத்திலே பிறந்து, முழங்காலேறி, இடுப்புத் திருப்பத்திலே பெருகி, தோள்வழியாக முட்டியை அடைவது. பாதம் தவறான இடத்தில் நின்றால், மூடை தூக்கும் புயமும் வெறும் புயமே. தமிழிலே குத்தையும் அடி என்கிறோம், பாதத்தையும் அடி என்கிறோம், நடையின் ஒரு பெயர்ச்சியையும் அடி என்கிறோம். இந்த விளையாட்டைப் பொறுத்தவரை நம் மொழி மூன்றையும் ஒன்றாக வைத்தது மிகப் பொருத்தம். தலையைத் திடீரெனத் திருப்பும் அடியே மனிதரை வீழ்த்துகிறது. மண்டையோடு திரும்ப, உள்ளிருக்கும் மூளை அதனோடு உடன் திரும்பாமற் குலுங்குகிறது, நினைவு அறுகிறது. வருவதைக் கண்டால் கழுத்து இறுகும், தலை சற்று விலகும். காணாத அடியே கொல்லும் அடி. ஆகவே எதிரியின் கண்ணுக்குத் தெரியாமல் அடியை மறைத்துக் கொண்டு செல்வதும் ஒரு வித்தை. ரொக்கி மார்சியானோ ஆறடி உயரமும் இல்லாதவர். எட்டும் கைநீளமும் குறைவு. அவர் 49 போட்டிகளில் 49ஐயும் வென்று, அவற்றுள் 43ஐ நொக்-அவுட்டாக முடித்தார். உடம்பின் பருமன் மாத்திரம் அடியைத் தராது என்பதற்கு அவரே சான்று.

இதனைக் கேட்கும் வன்னி நேயர்களுக்கு அரியாத்தையின் கதை நினைவுக்கு வரலாம். எவராலும் பிடிக்கவியலாத யானையைப் பிடித்தவள் என்று எங்கள் பக்கத்து முதியோர் சொல்வர். யானையைப் பலத்தால் வெல்லப் புறப்பட்ட பணிக்கன் எவனும் மீண்டிரான். வார்க்கயிறும் காற்றின் திசையும் காலம் பார்த்தலுமே அவர்களின் தொழில். ஆனால் யானையின் ஓரடி பட்டால் அத்தனை வித்தையும் முடிந்தது என்பதும் உண்மை. பெருநிறைக் குத்துச் சண்டையில் நுட்பக்காரனின் நிலை ஏறத்தாழ இதுவே.

வரலாற்றுக்கு வருவோம். கையுறை அணிந்து, குவீன்ஸ்பெரி விதிகளின்படி நடந்த முதற் பெருநிறைப் பட்டப் போட்டி என்று கொள்ளப்படுவது 1892 செப்டெம்பர் 7ஆம் தேதி நியூ ஓர்லியன்ஸ் நகரில் நிகழ்ந்தது. ஜோன் எல். சலிவன் பெரும் பலசாலி. எதிர்த்து நின்றவர் வங்கியிலே எழுதுவினைஞராக இருந்த ஜேம்ஸ் கோர்பெற். ஏறத்தாழ முப்பது இறாத்தல் குறைந்தவர். கோர்பெற் விலகினார், இடக்கையாற் குத்தினார், மறுபடி விலகினார். இருபத்தோராம் சுற்றிலே சலிவன் வீழ்ந்தார். ஆகவே இந்தப் பிரிவின் நவீன வரலாறே நுட்பத்தின் வெற்றியோடு தொடங்குகின்றது எனலாம்.

ஜீன் ரன்னியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் போக எனக்கு மனமில்லை. ஏனெனில் அவர் நூல்களை நேசித்தவர், யேல் பல்கலைக்கழகத்திலே சேக்ஸ்பியரைப் பற்றி உரையாற்றியவர். கலைப்பட்டதாரிகளுக்கு இது ஒரு பெருமை அன்றோ! 1926இல் அவர் ஜாக் டெம்சி என்ற பேரடிக்காரரைப் புள்ளிகளால் வென்றார். மறு ஆண்டு செப்டெம்பரிற் சிக்காகோவில் மீண்டும் சந்தித்தபோது, ஏழாம் சுற்றிலே டெம்சியின் அடிகள் ரன்னியைத் தரையிலே இருத்தின. எதிரி வீழ்ந்தால் வீழ்த்தியவர் தூரத்து மூலைக்குச் சென்று நிற்றல் வேண்டும். அதன் பின்னரே நடுவர் எண்ணுவார். டெம்சி செல்லவில்லை. வீழ்ந்தவர் தலைக்கு மேலே நின்றார். பழக்கம் அவரை அங்கேயே நிறுத்திற்று. அவர் விலகும் வரை எண்ணிக்கை தொடங்காமையால் ரன்னிக்கு ஏறத்தாழப் பதினான்கு விநாடி கிடைத்தது. ஒன்பது எண்ணும்போது எழுந்து, பின்னோக்கி நடந்து தப்பி, ஈற்றில் வென்றார். இன்றுவரை இதைப் பற்றித் தர்க்கம் உண்டு. என் கருத்து எளியது: விதியைப் படிப்பதும் நுட்பத்தின் ஒரு பகுதியே.

இவையெல்லாம் நுட்பத்தின் பக்கம். ஆனால் 1941 ஜூன் 18ஆம் தேதி நியூயோர்க்கில் நடந்த சண்டையைப் பார்த்தபோது என் மனம் மாறத் தொடங்கிற்று. சம்பியன் ஜோ லூயி. எதிரி பில்லி கொன், இருபத்துமூன்று வயது, ஏறத்தாழ இருபத்தைந்து இறாத்தல் குறைந்தவர். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மதிப்பிட்டவர் மூவருள் இருவர் கொன் முன்னிற்பதாகவும், ஒருவர் இருவரும் சமம் எனவும் குறித்திருந்தனர். இன்னும் மூன்று சுற்றுகள் விலகி ஆடினாற் போதும். உலகப் பட்டம் கையில். பன்னிரண்டாம் சுற்றிலே தன் அடியால் லூயி தள்ளாடியதைக் கொன் கண்டார். அதனாற் பதின்மூன்றாம் சுற்றில் அவரும் ஒரு நொக்-அவுட்டை விரும்பினார். விலகுவதை விட்டு நின்று மோதினார். லூயி வேண்டியது அதுவே. அச்சுற்று முடிய இரண்டு விநாடி இருக்கையிற் கொன் வீழ்ந்து கிடந்தார். பன்னிரண்டு சுற்று அவரைக் காத்த கலையை அவர் மூன்று நிமிடம் மறந்தார், அவ்வளவே. அடியின் மயக்கம் அடிக்காரனை மாத்திரமன்றி நுட்பக்காரனையும் பிடிக்கும் என்பது இங்கே தெரிகின்றது. இச்சண்டையை நான் மூன்று முறை பார்த்தேன்.

என் சொந்த நினைவு ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். மைக் டைசன் 37 போட்டிகளில் தோல்வி காணாது நின்ற காலத்தில், 1990 பெப்ரவரி 11ஆம் தேதி தோக்கியோவில் பஸ்டர் டக்லஸ் என்பவர் தம் நீண்ட இடக்கையாலே அவரை எட்டத்தில் நிறுத்தி, பத்தாம் சுற்றிலே வீழ்த்தினார். தாயை இழந்து ஒரு மாதம் ஆகுமுன் மேடையேறிய மனிதர். எட்டாம் சுற்றில் தாமும் வீழ்ந்து எழுந்தவர். பின்னர் 1996 நவம்பரில் டைசன், ஹொலிஃபீல்ட் சண்டை. அப்போது நான் இளம் ஆசிரியன். வன்னியிலே மின்சாரமும் இல்லை, வானொலிக்கு மின்கலமும் இல்லை. துவிச்சக்கர வண்டியை நிறுத்தி, ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வரும் மின்னாலே வானொலி கேட்போம். மிதிப்பவர் களைத்தாற் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். அன்று மிதித்தவர் டைசன் பக்கத்தவர். ஹொலிஃபீல்ட் பதினோராம் சுற்றில் வென்றார் என்ற செய்தி வந்ததும் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அன்றைய ஏனைய செய்திகளை நாங்கள் எவரும் அறிந்திலோம்.

இனிச் சொல்லப் போவதே இப்பேச்சின் உயிர்நிலை. முகம்மது அலியை எல்லோரும் அறிவர். 1964 பெப்ரவரியிலே, இருபத்திரண்டு வயதில், சொனி லிஸ்ரன் என்ற கொடிய அடிக்காரரை அவர் எதிர்கொண்டபோது லிஸ்ரனின் குத்துக்கள் பெரும்பாலும் காற்றையே குத்தின. ஏழாம் சுற்றுக்கு லிஸ்ரன் கதிரையை விட்டு எழவில்லை. அக்காலத்து அலி கைகளைத் தாழ்த்தி வைத்து, தலையை நூலிழை அளவு பின்வாங்கித் தப்புவார். அவரைக் காத்தவை கால்கள். வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967 முதல் 1970 வரை அவரைச் சண்டையிட விடவில்லை. திரும்பி வந்தபோது அக்கால்கள் முன்போல இல்லை.

1974 ஒக்டோபர் 30ஆம் தேதி ஆபிரிக்காவிலே கின்ஷாசா நகரிற் ஜோர்ஜ் ஃபோர்மனைச் சந்தித்தார். ஃபோர்மன் 40 போட்டிகளில் 40ஐயும் வென்றவர், 37 நொக்-அவுட். அலியை முன்பு வென்றிருந்த ஃபிரேசியரையும் நோர்ட்டனையும் இரண்டிரண்டு சுற்றிலே முடித்தவர். அலி முதற்சுற்றில் வலக்கையால் நேரே தாக்கிப் பார்த்தார். இரண்டாம் சுற்று முதல் கயிற்றிலே சாய்ந்து, முகத்தைக் கைகளால் மூடி, அடிக்க விட்டார். கயிறுகள் தளர்ந்திருந்தன, வெப்பமோ கடுமை. ஃபோர்மன் வயிற்றிலும் புயத்திலும் அடித்து அடித்துத் தாமே ஓய்ந்தார். எட்டாம் சுற்றின் இறுதியில் அலி கயிற்றை விட்டு வெளிவந்து விரைந்து தொடுத்த குத்துக்களில் அந்தப் பெரிய உடல் சுழன்று வீழ்ந்தது.

உலகம் இதை நுட்பத்தின் உச்சம் என்று புகழ்கின்றது. சூழ்ச்சித் திறம் என்பதை நானும் ஒப்புகிறேன். எனினும் அன்று அலி வென்றது அடிபடாத கலையால் அன்று, அடியைத் தாங்கும் ஆற்றலால். அந்த ஆற்றல் தமக்கு உண்டு என்று கண்டுகொண்டதே அவருக்கு வினையாயிற்று என்பது என் துணிபு. அடுத்த ஆண்டு மணிலாவில் ஃபிரேசியரோடு பதினான்கு சுற்று. அவருடைய பயிற்சியாளர் எடி ஃபச், இனிப் போதும் என்று ஃபிரேசியரைக் கதிரையிலே இருத்தியபோதுதான் அது முடிந்தது. 1977இல் ஏர்னி ஷேவர்ஸ் என்ற பேரடிக்காரரோடு பதினைந்து சுற்று. இவற்றையெல்லாம் அவர் வென்றார். வென்றார் என்றே பதிவாயிற்று.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்தார். எம்.ஜி.ஆர் முதலமைச்சராக இருந்த காலம். நேரு விளையாட்டரங்கிலே தம் பழைய தோழர் ஜிம்மி எல்லிசோடு காட்சிக்காகச் சில சுற்றுகள் ஆடினார். குத்துச் சண்டை அறியாத ஊரன்று சென்னை. வடசென்னையிலே சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குருவழியாகவே இக்கலையைக் காத்து வந்தனர். 2021இல் வெளிவந்த "சார்பட்டா பரம்பரை" திரைப்படத்தைப் பார்த்த எங்கள் பிள்ளைகள், கதாநாயகனைவிட, கால்களால் நடனமிட்டுக் குத்தும் டான்சிங் ரோஸ் என்ற பாத்திரத்தையே அதிகம் ஆடிக் காட்டினர் என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். சென்னையில் அன்று அலி ஓய்வு பெற்ற வீரர். அத்தோடு நின்றிருந்தால்! அதே ஆண்டு ஒக்டோபர் 2ஆம் தேதி, முன்னர் தமக்குப் பயிற்சித் துணையாக இருந்த லாரி ஹோம்சின் முன்னே மீண்டும் நின்றார். பத்துச் சுற்று. கால்களும் இல்லை, கைகளும் எழவில்லை. தாங்கும் ஆற்றல் ஒன்றே மிஞ்சியிருந்தது. பயிற்சியாளர் அஞ்சலோ டண்டி நிறுத்தினார். மறு ஆண்டும் ஒரு முறை ஆடித் தோற்றார். 1984இற் பார்க்கின்சன் நோய்க் குறிகள் உள்ளன என்று மருத்துவர் உரைத்தனர். அந்நோய்க்கு அடிகளே முழுக் காரணமா என்பதை மருத்துவருக்கு விட்டுவிடுவோம். பட்ட அடிகள் நன்மை செய்யவில்லை என்று சொல்ல மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை. அத்தனை அழகாகப் பேசிய நா தளர்ந்து, 2016 ஜூன் 3ஆம் தேதி அவர் மறைந்தார்.

ஆகவே நுட்பம் என்றால் என்ன என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இது: பிறரை அடிக்கும் சாதுரியமன்று, தன் தலையைக் காக்கும் கலை. அக்கலை இருக்கும் வரை ஒருவர் ஆடலாம். அது போன பின்னர் தைரியத்தால் ஆடுதல் கூடாது. கூட்டம் அதை விரும்பாது. கூட்டம் விரும்புவது வீழ்ச்சியை. சதுரமேடையைச் சிறிதாக்கினால் அடிக்காரருக்கு வாய்ப்பு, விலகுவோருக்கு இடமில்லை. அதனால் மேடையின் அளவைப் பற்றியே முன்கூட்டி வாதாடுவோர் உண்டு.

இதைச் சொல்லும்போது ஃபோர்மனுக்கும் நீதி செய்தல் வேண்டும். கின்ஷாசாவில் வீழ்ந்தவர், இடையிலே பத்து ஆண்டு போதகராக வாழ்ந்து, மீண்டும் வந்து, 1994 நவம்பர் 5ஆம் தேதி, நாற்பத்தைந்து வயதில், இருபத்தாறு வயது மைக்கல் மூரரை எதிர்த்தார். ஒன்பது சுற்று புள்ளிகளிற் பின்னடைந்தார். கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் காற்சட்டை. பத்தாம் சுற்றிலே ஒரு வலக்கை, மூரர் எழவில்லை. கால் முதலிற் போகும், கண் அடுத்துப் போகும், அடி கடைசியாகவே போகும் என்று இத்துறையினர் சொல்வதற்கு இது உதாரணம். ஆனால் முழுச் சண்டையையும் பார்ப்பவர் இன்னொன்றும் காண்பர். சுற்றுக்குச் சுற்று அவர் மெல்லிய இடக்கைக் குத்துக்களாலே மூரரைத் தம் வலக்கை எட்டும் இடத்துக்கு நகர்த்தி நகர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கிழவரின் அடி பத்துச் சுற்று வயதுடையது. பையனின் தொலைபேசியில் அதற்கு ஒரு விநாடிதான்.

அண்மைக் காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். வைல்டர் 2018 வரை பெற்ற 40 வெற்றிகளில் 39ஐ நொக்-அவுட்டாகப் பெற்றிருந்தவர். 2018 டிசம்பரிலே ரைசன் ஃபியூரி அவரைச் சுற்றிச் சுற்றி விலகி ஆடினார், பன்னிரண்டாம் சுற்றில் வீழ்ந்து கிடந்து, எண்ணி முடிக்குமுன் எழுந்தார், முடிவு சமம். 2020இல் அதே ஃபியூரி உடம்பைப் பெருக்கிக்கொண்டு வந்து, விலகாமல் முன்னேறி, ஏழாம் சுற்றில் வென்றார். நுட்பக்காரர் வலிமையைக் கடன் வாங்கினார் என்று கொள்ளலாம். அந்த ஃபியூரியை 2024 மே மாதத்திலும் டிசம்பரிலும் ரியாத் நகரிலே இரு முறை வென்றவர் உக்ரெய்ன் நாட்டு ஒலெக்சாண்டர் உசிக். இரண்டாம் முறை ஐம்பது இறாத்தலுக்கு மேற்பட்ட வித்தியாசம். அவர் ஓரிடத்திற் பாதம் வைத்து நிற்பதே அரிது. 2025 ஜூலையில் லண்டனிலே டேனியல் டுபுவா என்ற இளம் அடிக்காரரை ஐந்தாம் சுற்றிலே வீழ்த்தினார்; அதுவும் நொக்-அவுட். அடிபடாமல் நிற்கக் கற்றவருக்கு அடியும் தானே வந்து சேர்கிறது போலும்.

இவ்வளவும் பார்த்த பின்னர், ஒரு சனிக்கிழமை பையனையும் தாயாரையும் பாடசாலைக்கு அழைத்தேன். கணினி அறையில் இரண்டு சண்டைகளை ஆதி முதல் அந்தம் வரை காட்டினேன்: லூயியும் கொன்னும் ஆடிய பதின்மூன்று சுற்று, கின்ஷாசாவின் எட்டுச் சுற்று. பையன் முதற் சில சுற்றுகளில் நெளிந்தான். பின்னர் அசையாமல் இருந்தான். கொன் வீழ்ந்தபோது, "இவர் ஏன் சேர் நிண்டவர்?" என்று கேட்டான். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாயார் கின்ஷாசாவில் அலி கயிற்றிலே சாய்ந்து அடிபடுவதையே பார்த்திருந்தார். வென்றதும் எல்லோரும் அவரைத் தூக்குவதைக் கண்டும் அவர் முகம் மலரவில்லை. "இந்தப் பிள்ளைக்குப் பிறகு என்ன நடந்தது சேர்?" என்றார். சொன்னேன்.

நான் தாளிலே ஒப்பமிட்டேன். ஒரு நிபந்தனையையும் எழுதினேன். முதல் ஒரு வருடம் பயிற்சி மட்டும்; போட்டி இல்லை; தலைக்காப்பின்றி எவரோடும் மோதுதல் இல்லை. தாயார் அன்று ஒப்பமிடவில்லை. மறுவாரம் பேருந்தேறி வவுனியாவுக்குத் தாமே சென்று, பயிற்சியாளரைக் கண்டு, "அடிக்கப் பழக்கிறதுக்கு முதல் தப்பப் பழக்குவீங்களோ?" என்று கேட்டிருக்கிறார். அவர் என்ன விடையளித்தார் என்பது எனக்குத் தெரியாது. தாள் ஒப்பத்தோடு திரும்பி வந்தது.

மூன்று மாதமாயிற்று. கிழமையில் இரண்டு நாள் மாலைப் பேருந்திற் போய் வருகிறான். சென்ற வாரம் பாடசாலை வாயிலில் என்னைக் கண்டதும் ஒரு முறைப்பாடு செய்தான். கயிறு துள்ளுவதும், நிலத்திற் கீறிய சதுரங்களில் முன்னும் பின்னும் அடிவைப்பதும் தவிர வேறொன்றும் பழக்குகிறார்கள் இல்லையாம். "சப்பாத்துத்தான் தேயுது சேர், கையுறை இன்னும் புதுசாய்க் கிடக்கு" என்றான்.